செட்டிநாட்டு வீடுகளில் கரண்ட் செலவைக் குறைப்பது எப்படி

கரண்டை மிச்சம் பிடிக்கச் சொன்னால் பல வீடுகளில் நடப்பது இதுதான்: அடுப்படி விளக்கை ஓடிப்போய் அணைத்துவிட்டு, திரும்பி வந்து ஏ.சி.யைப் போட்டுக்கொள்வது. 9 வாட் எல்.இ.டி. பல்பை ஒரு மணி நேரம் அணைத்து மிச்சம் பிடித்ததை முழு வேகத்தில் ஓடும் ஏ.சி. அரை நிமிடத்தில் தின்றுவிடும். எது எவ்வளவு இழுக்கிறது என்று தெரியாமல் சிக்கனம் பார்த்தால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும், பில் குறையாது.

ஆகவே முதல் வேலை மீட்டரில்.

மீட்டரைக் கேளுங்கள்

டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் சின்ன சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்பது பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். சிங்கிள் ஃபேஸ் மீட்டர்களில் 3200 அல்லது 1600 என்ற எண்ணை அதிகம் பார்க்கலாம். 3200 என்றால், நிமிடத்துக்கு ஒரு மினுக்கலுக்குச் சுமார் 19 வாட் கணக்கு. நிமிடத்தில் 16 முறை மினுக்கினால் அந்த நேரத்தில் வீடு 300 வாட் இழுக்கிறது. 1600 என்றால் இதைப்போல் இரு மடங்கு. இது தெரிந்தால் தனியாக எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு ஒரு சாமானை மட்டும் போட்டு எண்ணினால் அதன் வாட் கிடைத்துவிடும்.

அடுத்து கசிவுச் சோதனை. எல்லா சுவிட்சையும் அணையுங்கள். ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர், செட்டாப் பாக்ஸ் பிளக்குகளையும் பிடுங்கிவிடுங்கள். மெயின் மட்டும் ஆனில் இருக்கட்டும். பத்து நிமிடம் பார்த்தும் சிவப்பு விளக்கு மினுக்கவே இல்லை என்றால் நல்லது. மினுக்கினால் எங்கோ மறந்துபோன சாமான் ஓடுகிறது, அல்லது ஒயரிலிருந்து கரண்ட் கசிகிறது. மரச்சட்டத்தில் அடித்த பழைய ஒயரிங் இன்னும் இருக்கும் வீடுகளில் ரப்பர் உறை பொடிந்துபோயிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஈரம் குடித்ததும் கசிவு கூடும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். எதைக் கழற்றும்போது மினுக்கல் நிற்கிறதோ அந்த லைனில்தான் கோளாறு. அதற்குமேல் எலக்ட்ரீஷியன் வேலை. ஒயரை மாற்றும்போதே, கசிவு வந்ததும் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போட்டுவிடுங்கள். போட்ட உடனே அது விழுந்துகொண்டே இருந்தால் சாமான் பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். இரண்டு லைனின் நியூட்ரல் எங்காவது கலந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பங்காளிகள் தனித்தனி மீட்டர் வைத்திருக்கும் பெரிய வீடுகளில் இன்னொரு சோதனையும் உண்டு. உங்கள் மெயினை அணைத்துவிட்டு வீடு முழுக்க ஒரு நடை நடந்து பாருங்கள். உங்களுடையது அல்லாத ஏதாவது அணைந்திருக்கிறதா? ஐம்பது வருடமாக ஆளாளுக்கு ஒயர் இழுத்த வீட்டில், இரண்டாங்கட்டு விளக்கோ பொதுக் கிணற்று மோட்டாரோ உங்கள் கணக்கில் ஓடுவது அபூர்வமல்ல. பங்காளியிடம் சொல்லும்போது கொஞ்சம் பதமாகச் சொல்லுங்கள், அவருக்கும் தெரிந்திருக்காது.

பில்லில் கவனிக்க வேண்டிய கோடு 500. தமிழ்நாட்டில் கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 2016 மே மாதத்தில் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசமானது. 2024 ஜூலையில் வந்த பட்டியல்படி, 500 யூனிட்டைத் தாண்டியதுமே 101 முதல் 200 வரை இருந்த சலுகை விலை போய்விடும். தாண்டிய யூனிட்டுக்கு விலை 8 ரூபாய்க்கு மேல். ஒரே ஒரு யூனிட் கூடினாலும் பில் இருநூறு ரூபாய்க்கு மேல் எகிறும். போன கணக்கெடுப்பு எண்ணை மீட்டர் பலகையிலேயே சாக்பீஸால் எழுதிவைத்து, ஒரு மாதம் ஆனதும் பாருங்கள். அப்போதே 270, 280 ஆகியிருந்தால் மீதி மாதத்தில் இழுத்துப்பிடிக்க நேரம் இருக்கிறது.

வீட்டை அதன் வேலையைச் செய்ய விடுங்கள்

கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ உள்ள பழைய வளவு வீட்டைக் கட்டியவர்கள் சித்திரை வெயிலை நினைத்துத்தான் கட்டினார்கள். கனத்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, அடுக்கடுக்காகப் போட்ட நாட்டு ஓடு, நடுவில் திறந்த முற்றம். பகலில் சூடான காற்று முற்றத்தின் வழியாக மேலே போகும். இரவில் குளிர்ந்த காற்று இறங்கி, சுவரையும் தரையையும் குளிர வைக்கும். அந்தக் குளிர்ச்சி மறுநாள் மத்தியானம் வரை தாங்கும். ஆனால் கதவு ஜன்னலைத் திறந்து மூடும் நேரம் சரியாக இருந்தால்தான் இது நடக்கும். இன்று பல வீடுகளில் அது தலைகீழாக நடக்கிறது: பகலெல்லாம் ஜன்னல் திறந்திருக்கும், கொசுவுக்குப் பயந்து சாயங்காலம் ஆறு மணிக்கு அடைத்துவிடுவார்கள்.

பங்குனியிலிருந்து ஆடி வரை இப்படிச் செய்யுங்கள். இரவு எட்டு மணிக்குமேல், வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்ததும், ஜன்னல்களையும் மேல் சாளரங்களையும் திறந்துவிடுங்கள். கொசுவுக்கு ஜன்னலில் வலை அடியுங்கள், கதவை அடைக்க வேண்டாம். காலை எட்டரை, ஒன்பதுக்குள் வெயில் படும் பக்கத்து ஜன்னல்களை மூடிவிடுங்கள். முற்றத்தைப் பார்த்தவை திறந்தே இருக்கலாம். மேற்கு ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே மூங்கில் தட்டியோ ஓலைத் தட்டியோ கட்டுவது மேல். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்தபிறகு திரை அதைத் திருப்பி அனுப்பாது.

முற்றத்துக்கு மேல் பிளாஸ்டிக் ஷீட் போட்டு அடைப்பதுதான் இந்த வீடுகளுக்குச் செய்யும் பெரிய கெடுதல். குரங்குத் தொல்லை, மழைச்சாரல், திருட்டு பயம் என்று காரணம் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஷீட் வெயிலை உள்ளே விடும், சூட்டை வெளியே விடாது. அதன்பின் பட்டாலையில் (கூடத்தில்) நான்கு ஃபேன் போட்டாலும் சுற்றுவது சூடான காற்றுதான். குரங்குக்கும் திருட்டுக்கும் இரும்புக் கம்பி கிராதி போதும். மழைக்காகக் கூரை வேண்டியே தீரும் என்றால், முற்றத்து ஓட்டு விளிம்பிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி உயர்த்தி, நாலு பக்கமும் இடைவெளி விட்டுப் போடுங்கள். ஏற்கெனவே ஒட்டிப்போட்டிருந்தால் கோடை நான்கு மாதத்துக்கு இரண்டு ஷீட்டையாவது கழற்றிவைக்கலாம்.

ஆத்தங்குடி கல் பதித்த தரையில் கார்ப்பெட் விரிக்காதீர்கள். கால் வைத்ததும் தெரியும் குளிர்ச்சி அதன் அடியில் வீணாகப் போகும்.

பின்கட்டில் புதிதாகப் போட்ட கான்கிரீட் மாடி வேறு கதை. பகல் முழுக்கக் குடித்த சூட்டை இரவு பத்து மணிக்கு அறைக்குள் இறக்கும். அதற்கு மலிவான மருந்து வெள்ளைப்பூச்சு. மாசி மாதத்தில் தளத்தைக் கூட்டி, பாசியைச் சுரண்டி, கழுவிக் காயவிடுங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பை முதல் நாள் இரவே ஊறவைத்து, மறுநாள் சல்லடைத் துணியில் வடிகட்டுங்கள். 10 கிலோ சுண்ணாம்புக்கு அரை கிலோ அளவில் ஃபெவிகால் கலந்துகொண்டால் உதிராது. முதல் கோட் வடக்கு தெற்காக, அது காய்ந்தபின் இரண்டாவது கிழக்கு மேற்காக. கொதிக்கும் வெயிலில் அடித்தால் காயுமுன் பொரிந்து உதிரும், சாயங்காலம் அடியுங்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இது ஒரு கோடைக்குத்தான், அடுத்த வருடம் திரும்ப அடிக்க வேண்டும். நிரந்தரமாக வேண்டுமானால் தட்டை ஓடு பதித்து மேலே வெள்ளை அடிப்பது.

ஃபேன்

செட்டிநாட்டு வீட்டில் உண்மையான மிச்சம் இங்கேதான் கிடைக்கும், ஏனென்றால் ஃபேன் எண்ணிக்கை அதிகம், ஓடும் நேரமும் அதிகம். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். குறைந்த கரண்டில் ஓடும் புதுவகை மோட்டார் உள்ள பி.எல்.டி.சி. ஃபேன் முழு வேகத்தில் சுமார் 30 வாட். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்குப் பழையது 54 யூனிட், புதியது 21, 22. மூன்று ஃபேனை மாற்றினால் ஒரு பில்லில் ஏறக்குறைய 100 யூனிட் குறையும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. படுக்கும் அறை, பட்டாலை என்று அதிகம் ஓடுவதை முதலில் மாற்றுங்கள். விருந்தாளி அறையில் மாற்றினால் போட்ட காசு திரும்பாது.

மாட்டும்போது நடக்கும் தவறு ஒன்று: பி.எல்.டி.சி. ஃபேனைப் பழைய ரெகுலேட்டர் வழியாகவே கொடுப்பது. இதற்கு வேகக் கட்டுப்பாடு ஃபேனுக்குள்ளேயே, ரிமோட்டில் இருக்கிறது. ரெகுலேட்டரை லைனிலிருந்து எடுத்துவிட்டு சுவிட்சிலிருந்து நேராகக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளிருக்கும் போர்டு சீக்கிரம் போய்விடும், வாரண்டியும் கிடைக்காது.

பழைய ஃபேனையே வைத்துக்கொள்வதானால், அந்தப் பெரிய பெட்டி ரெகுலேட்டரை மட்டுமாவது மாற்றுங்கள். குறைந்த வேகத்தில் கை வைத்துப் பார்த்தால் சுடும். ஃபேன் குறைத்ததை அது சூடாக்கி வீணாக்குகிறது என்று பொருள். எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் வேகம் குறைந்தால் செலவும் குறையும். ஐந்தில் வைத்தும் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கெபாசிட்டர் பலவீனமாகியிருக்கும். அதன் உடம்பில் 2.5 என்றோ 3.15 என்றோ மைக்ரோஃபாரட் அளவு எழுதியிருக்கும், அதே அளவை வாங்கிப் போடுங்கள். வேகமாகச் சுற்றட்டும் என்று பெரிதாகப் போட்டால் மோட்டார் சூடேறும்.

இனி உயரம். பதினான்கு, பதினாறு அடி உயரக் கூரையில் ஒரு அடி ராடில் தொங்கும் ஃபேன் உத்திரத்துக்குத்தான் காற்று வீசும். இறக்கை தரையிலிருந்து எட்டு முதல் ஒன்பது அடியில் இருக்கும்படி நீள ராடு போடுங்கள். மூன்றில் வைத்தாலே காற்று போதும். நீள ராடில் ஆட்டம் அதிகம் தெரியும் என்பதால் இறக்கைகளின் சமநிலையைச் சரிபார்த்து, மேல் கொக்கியில் போல்ட்டும் பூட்டு ஊசியும் இருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். தேக்கு உத்திரத்தில் அடித்த பழைய கொக்கி துருப்பிடித்திருந்தால் முதலில் கொக்கியை மாற்றுங்கள்.

ஏ.சி.

எங்கே வைக்கிறோம் என்பதிலேயே பாதிச் செலவு முடிவாகிவிடும். மேலே வேறு மாடி உள்ள, மேற்குச் சுவர் வெயில் படாத, சின்ன அறையைத் தேர்ந்தெடுங்கள். பட்டாலையிலோ முற்றத்தைப் பார்த்த அறையிலோ வேண்டவே வேண்டாம். பழைய தேக்குக் கதவின் இடுக்கு வழியாகக் குளிர்ந்த காற்று வெளியேறிக்கொண்டே இருக்கும். கதவு நிலையில் ரப்பர் பட்டை ஒட்டி, அடியில் தடுப்புப் பட்டையும் மாட்டுங்கள். மேல் சாளரத்தை ஏ.சி. ஓடும்போது மட்டும் மூடும்படி செய்துகொள்ளுங்கள். நிரந்தரமாக அடைத்துவிட்டால் கரண்ட் போன இரவில் தவிப்பீர்கள்.

அவுட்டோர் யூனிட்டை முற்றத்தில் வைப்பவர்கள் உண்டு, வெளிச்சுவரில் அசிங்கமாகத் தெரியக்கூடாதே என்று. அது கக்கும் சூடு நாலு சுவருக்குள் தேங்கி, பாதி பட்டாலைக்கு வரும், மீதியை அதே யூனிட் திரும்ப இழுத்துக்கொள்ளும். வீட்டுப் பின்புறம், வடக்குப் பக்கம், காற்று ஓடும் இடம்தான் அதற்குச் சரி.

கனத்த சுவர் உள்ள அறையில் ஏ.சி.யை அரை மணி போட்டு அணைத்தால் காற்று மட்டும்தான் குளிரும். அணைத்த பத்தாவது நிமிடம் சுவரின் சூடு திரும்ப அறையை நிரப்பிவிடும். அதனால் படுக்குமுன் ஒரு மணி நேரம் ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போட்டுச் சூட்டை வெளியேற்றிவிட்டு, பிறகு அடைத்து ஏ.சி. போடுங்கள். 26 அல்லது 27-ல் வைத்து, ஃபேன் மெதுவாக ஓடட்டும். டிகிரி ஒன்றுக்கு 6 சதவீதம் வரை மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. 2020 ஜனவரி முதல் விற்கும் ஏ.சி.கள் ஆன் செய்ததும் 24-ல் தொடங்குவது அந்தச் செயலகம் கொண்டுவந்த விதியால்தான். 18-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது, இன்வெர்ட்டர் வகை அல்லாத சாதாரண ஏ.சி.யில் வெறும் நம்பிக்கை. அது எந்த எண்ணில் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும், 18 வரும்வரை நிற்காமல் ஓடும், அவ்வளவே.

ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தண்ணீரில் அலசுங்கள். புதிதாக வாங்கும்போது நட்சத்திரத்தை எண்ணுவதோடு நிற்காமல், லேபிளில் உள்ள வருடத்தையும் வருட யூனிட் கணக்கையும் படியுங்கள். நட்சத்திர அளவுகோலை அவ்வப்போது இறுக்குகிறார்கள். கடையில் தேங்கிய பழைய ஐந்து நட்சத்திரம் புதிய மூன்று நட்சத்திரத்துக்குச் சமமாக இருக்கலாம்.

மோட்டார்

200 அடியிலிருந்து 1000 லிட்டர் தண்ணீரை மேல் தொட்டிக்கு ஏற்ற ஏறக்குறைய அரை யூனிட் ஆகும். தொட்டி நிரம்பும் நேரத்தை இப்போதே ஒருமுறை குறித்துவையுங்கள். அரை மணியில் நிரம்பியது முக்கால் மணி ஆனால் ஏதோ கோளாறு: போர் தண்ணீர் இறங்கியிருக்கலாம், பைப்பில் ஓட்டை விழுந்திருக்கலாம், வோல்டேஜ் குறைவாக இருக்கலாம், ஸ்டார்ட்டர் பெட்டியின் கெபாசிட்டர் தளர்ந்திருக்கலாம். மேல் மோட்டார் ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஊற்றினால்தான் இழுக்கிறதென்றால், குழாயின் அடியில் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வு கசிகிறது. சப்மெர்சிபிளில் போட்டதும் குழாய் முதலில் காற்றாகத் துப்பினால் ஏற்றிய தண்ணீர் மறுபடி போருக்கே இறங்கியிருக்கிறது, வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டி நிரம்பி வழிவதற்கு மருந்து ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர்தான். மனித ஞாபகத்தை நம்ப வேண்டாம். கழிவறை ஃப்ளஷ் தொட்டி சத்தமில்லாமல் ஒழுகுவதையும் பாருங்கள்: தொட்டியில் கொஞ்சம் மஞ்சள்தூளைக் கரைத்துவிட்டு, கால் மணி கழித்துக் கோப்பையில் மஞ்சள் தெரிகிறதா என்று பார்த்தால் போதும்.

ஃப்ரிட்ஜும் மற்றவையும்

ஃப்ரிட்ஜ் பின்புறம் சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளியிருக்கட்டும். கதவு இடுக்கில் ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பர் போய்விட்டது. மாற்றுமுன் வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்துப் பாருங்கள், பல நேரம் எண்ணெய்ப் பிசுக்குதான் காரணம். பனிக்கட்டி கால் அங்குலம் தாண்டினால் கரைத்துவிடுங்கள். மாவு அரைத்த சூட்டோடு தூக்கை உள்ளே வைக்க வேண்டாம், புளிக்கட்டும், பிறகு வைக்கலாம்.

கிரைண்டர், மிக்ஸியைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். 150 வாட் டேபிள் டாப் கிரைண்டர் முக்கால் மணி ஓடினால் கால் யூனிட்டில் பாதிகூட ஆகாது. வெள்ளைப் பணியாரத்துக்கு ஆட்டுக்கல்லில் ஆட்டினால் பதம் நன்றாக வரும் என்பது வேறு விஷயம். பில்லுக்காக ஆட்டச் சொல்லும் ஆலோசனையைத் தள்ளிவிடுங்கள்.

கீசர் 15 லிட்டரை ஒருமுறை சூடாக்க அரை யூனிட்தான். குளிக்கப் பத்து நிமிடம் முன் போட்டு அணைத்தால் பிரச்சினை இல்லை, நாள் முழுக்க ஆனில் விடுவதுதான் செலவு. அதுவும் இந்த ஊரில் சித்திரை, வைகாசியில் மாடித் தொட்டித் தண்ணீரே கொதிக்கும்.

சாமி அறையில் எரியும் சிவப்புப் பல்பைப் பாருங்கள். ‘ஜீரோ வாட்’ என்று பெயர், இழுப்பது 15 வாட் அளவில். இரவும் பகலும் எரிந்தால் இரண்டு மாதத்தில் 21 யூனிட், அதாவது ஒரு பி.எல்.டி.சி. ஃபேன் அளவு. அரை வாட் எல்.இ.டி. போட்டால் ஒரு யூனிட்கூட வராது. அதேபோல் செட்டாப் பாக்ஸ்: டி.வி.யை மட்டும் ரிமோட்டில் அணைத்தால் பாக்ஸ் 10 வாட்போல இழுத்துக்கொண்டே இருக்கும், அது ஒரு 14 யூனிட். சுவிட்சை அணையுங்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரி தொட்டால் வெதுவெதுப்பாகவே இருக்கிறதா? கரண்ட் போகாத நாளிலும் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கிறதா? அது வயதாகிவிட்ட பேட்டரி, ஏற்றுவதெல்லாம் சூடாகப் போகிறது. மீட்டர் மினுக்கலை வைத்து இன்வெர்ட்டர் பிளக் இருக்கும்போதும் பிடுங்கியபோதும் எண்ணினால் உறுதியாகத் தெரியும். தண்ணீர் அளவைக் காட்டும் மிதவை சிவப்புக்கு இறங்குமுன் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். ஆர்.ஓ. தண்ணீர் கூடாது, கிணற்றுத் தண்ணீர் கூடவே கூடாது.

பூட்டிவைக்கும் வீடு

சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு, திருவிழாவுக்கும் முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கும் மட்டும் வந்து போகிறவர்களின் வீட்டில் ஆளே இல்லாமல் யூனிட் ஏறும். கிளம்பும்போது ஃப்ரிட்ஜைக் காலி செய்து, அணைத்து, துடைத்து, கதவிடுக்கில் துணி சுருட்டி வைத்துத் திறந்தபடி விடுங்கள். மூடிவைத்தால் பூஞ்சை பிடிக்கும். மோட்டார், கீசர், ஏ.சி. மூன்றையும் சுவிட்சில் அல்லாமல் ட்ரிப்பரிலேயே இறக்குங்கள். ஏ.சி. ரிமோட்டில் மட்டும் அணைந்திருந்தால் உள்ளே போர்டு விழித்தே இருக்கும். வாசல் விளக்குக்கு இருட்டினால் தானே எரிந்து விடிந்தால் அணையும் சென்சார் பல்பு போடுங்கள். காவலுக்கு இருப்பவர் முகப்பு விளக்கைப் பகலெல்லாம் எரியவிட்டார் என்று பிறகு கோபப்பட வேண்டாம்.

இன்வெர்ட்டரை மட்டும் மாதக்கணக்கில் அணைத்துப் போடக்கூடாது. சார்ஜ் இறங்கிய நிலையில் கிடந்தால் பேட்டரியின் தகடுகளில் உப்பு படிந்து, திரும்ப ஏறாது. முழுக்க ஏற்றிவிட்டு அணையுங்கள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீடு பெருக்க வருபவரிடம் சொல்லி ஒரு நாள் முழுக்கச் சார்ஜில் போடச் சொல்லுங்கள். அவர் வரும் அன்று மேல் சாளரங்களையும் திறந்துவிட்டு, மீட்டர் எண்ணைப் போனில் படம் எடுத்து அனுப்பட்டும். பூட்டிய வீட்டில் இரண்டு மாதத்துக்கு 20 யூனிட்டுக்கு மேல் ஏறியிருந்தால் எதையோ அணைக்க மறந்திருக்கிறீர்கள், அல்லது மேலே சொன்ன கசிவுச் சோதனையை அடுத்த முறை வரும்போது செய்ய வேண்டும்.